சிறு வழக்கங்களும் பெரு மாற்றங்களும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் இருக்கும்; இரண்டிற்கும் நடுவே ஒரு சொற்பொழிவையும் வைத்துவிடுவது நம் சங்கங்களின் நெடுநாளைய வழக்கம். திரைக்குப் பின்னே பிள்ளைகள் ஒப்பனை முடித்துக் காத்திருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆதலின் சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருவோம்.

வரலாறு என்றவுடன் போர்களும் உடன்படிக்கைகளும் ஆட்சி மாற்றங்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. அவையெல்லாம் முரசறைந்து வருபவை. முரசறையாமல் வருகின்ற மாற்றங்களும் உண்டு. ஒரு தெருவில் நான்கு வீட்டார் ஒன்றைச் செய்யத் தொடங்குகிறார்கள். அதனைப் பார்த்து அடுத்த தெருவில் நாற்பது பேர் செய்கிறார்கள். அதைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை. எந்தச் சட்டமன்றமும் விவாதிப்பதில்லை. இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தால், கடைத்தெரு மாறியிருக்கிறது. தேர்தல் மேடையின் பேச்சு மாறியிருக்கிறது. நம் வீட்டு அடுக்களையும் மாறியிருக்கிறது.

சிறு வழக்கங்கள் எல்லாமே இவ்வாறு பெருகிவிடுவதில்லை. ஒரு தீபாவளிக்கு வந்த புடைவைக் கரை அடுத்த தீபாவளிக்குள் மறைந்து போகிறது. நிலைத்து நிற்பனவற்றை ஆராய்ந்தால் மூன்று இயல்புகள் புலப்படும். ஒன்று, அது மக்களுக்குள்ள உண்மையான தேவை ஒன்றை நிறைவு செய்கிறது. இரண்டு, எளியவரும் கைக்கொள்ளத் தக்க விலையிலும் முயற்சியிலும் கிடைக்கிறது. மூன்று, அதனைச் சார்ந்து வேறு பலர் பிழைக்கத் தொடங்குகிறார்கள். இந்த மூன்றாவது இயல்பு வந்துவிட்டால், தொடங்கியவர்களே விரும்பினாலும் அதனை நிறுத்த இயலாது.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இம்மண்டபத்தில் கூடியிருக்கும் நாமே சான்று.

தட்டெழுத்துப் பொறியும் நம் குடியேற்றமும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கும்பகோணம், திருச்சி, திருநெல்வேலி, பாலக்காடு போன்ற ஊர்களில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்பிக்கும் இன்ஸ்டிடியூட்டுகள் தோன்றின. பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணை அல்லது மாடி அறை. அதில் நான்கைந்து பொறிகள். பள்ளியிறுதித் தேர்வு எழுதிய இளைஞன் மாலையில் அங்கே சென்று ஒரு மணி நேரம் தட்டுவான். லோயர் முடித்தால் ஹையர்; அதன் பிறகு சுருக்கெழுத்து. உள்ளூரில் நிலம் குறைவு. வேலையோ அதனினும் குறைவு. ஆனால் டில்லியில் அரசாங்கம் விரிந்துகொண்டிருந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் வணிக நிலையங்கள் பெருகின. பிழையில்லாமல் ஆங்கிலக் கடிதம் எழுதித் தரும் எழுத்தர் அவர்களுக்குத் தேவைப்பட்டனர். ஒரு பெட்டியும் ஒரு சான்றிதழுமாக நம் முன்னோர் இரயிலேறினர்.

எந்தத் தலைவரும் அவர்களை வடக்கே செல்லுமாறு அழைக்கவில்லை. ஒருவர் வந்தார், தம் அலுவலகத்தில் இடம் காலியானதும் தம்பிக்குக் கடிதம் எழுதினார், தம்பி தன் நண்பனுக்கு எழுதினான். மாடி அறையில் கற்ற ஒரு கைத்தொழில் தமிழ்க் குடியேற்றங்களை உண்டாக்கிற்று.

மூன்றாம் இயல்பு இங்கே செயற்பட்டதைக் காணுங்கள். தனியாக வந்த இளைஞனுக்குச் சோறு வேண்டும், மெஸ்கள் தோன்றின. மும்பை மாதுங்காவில் இராம நாயக்கின் உடுப்பி உணவகம் 1942-இல் தொடங்கியது இத்தகைய மக்கள் திரளை நம்பித்தான். மெஸ்ஸிற்குப் பிறகு காப்பிப்பொடிக் கடை, வாழையிலைக் கடை, பூக்கடை. மணமாகிக் குடும்பம் வந்ததும் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டியதாயிற்று. டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-இல் எளிய முறையில் தொடங்கி, ஏழு பள்ளிகளாக வளர்ந்தது. பள்ளிக்குப் பின் கோயில். கோயிலுக்குப் பின் சங்கம். இன்று நாம் அமர்ந்திருக்கும் நாற்காலியும் அந்த மாடி அறைப் பொறியின் ஓசையிலிருந்து வந்ததே.

ஆனால் கதை இங்கே முடிவதில்லை. ஒரு வழக்கம் வணிகத்தைத் தொட்டபின் அரசியலைத் தொடாமல் இருப்பதில்லை. பம்பாய் அலுவலகங்களில் தென்னாட்டார் பெயர்கள் பெருகப் பெருக, வேலை கிடைக்காத மராத்தி இளைஞர்களின் மனத்தில் புண் வளர்ந்தது. 1960-இல் தொடங்கப்பட்ட ‘மார்மிக்’ என்னும் வார இதழ், நிறுவனங்களில் பதவி வகித்த வெளி மாநிலத்தார் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966-இல் சிவசேனை பிறந்தது. அதன் முதல் இயக்கம் தென்னாட்டாருக்கு எதிரானது. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. அரிசி மாவும் சட்டினியும் எவருக்கும் பகையல்ல. ஆயினும் ஒரு நகரத்தின் சினம் தேடிச் சென்ற முதல் அடையாளம் அதுவாயிற்று. நம்மைப் பொறுத்தவரை பிழைப்பாக இருந்தது, பிறர் கண்ணுக்குப் படையெடுப்பாகத் தோன்றிற்று. இதனை நாம் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

அடுக்களையும் அங்காடியும்

வணிகத்திற்கு இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறுவோம். இரண்டும் நம் பெண்மணிகள் நன்கறிந்தவை.

ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றிக் கைவலி கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்விசையால் இயங்கும் மாவரைக்கும் பொறியைச் செய்தார். தொடக்கத்தில் அது உணவகங்களுக்கே உரியதாக இருந்தது. பின்னர் சிறிதாகி வீட்டிற்குள் வந்தது. இன்று அடுக்களை மேடைமீதே அமர்ந்துவிட்டது. கோவை கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருளாக விளங்குகிறது. கல் கொத்துபவர், மோட்டார் செய்பவர், பழுது பார்ப்பவர் என எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறிட்டது.

அடுத்த மாற்றம் இன்னும் நுட்பமானது. மனைவியும் அலுவலகம் செல்லும் வீடுகள் பெருகின. மாமியாரும் நாத்தனாரும் உடனில்லாத வீட்டில், மாலை ஏழு மணிக்கு வந்து அரிசி ஊறவைப்பது எப்போது, அரைப்பது எப்போது? தெருமுனைக் கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் மாவைக் கட்டி விற்கத் தொடங்கினார். இத்தேவையைக் கண்டு 2005-இல் பெங்களூரில் முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் சிறு அளவில் தொடங்கிய ஐடி பிரஷ் நிறுவனம், பல நகரங்களுக்கு மாவு வழங்கும் நிறுவனமாயிற்று. மாவை விலைக்கு வாங்குவது ஒரு காலத்தில் இல்லத்தரசிக்கு இழுக்காகக் கருதப்பட்டது. இன்று அப்பேச்சே இல்லை. குடும்பத்தின் அமைப்பு மாறிற்று. அதனால் மாவின் வழி மாறிற்று.

மற்றொன்று ஷாம்பூப் பாக்கெட். சீயக்காய் தேய்த்துக் குளித்த நாட்டில், ஷாம்பூ என்பது கண்ணாடிப் புட்டியில் செல்வர் வீட்டு அலமாரியில் இருந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர், பொருள்களைச் சிறு சிறு பொட்டலங்களில் அடைத்தால் ஏழைகளும் வாங்குவர் என்னும் கருத்துடையவர். நாட்கூலி பெறுபவர் கையில் மாதத்திற்கென ஒதுக்கிய பணம் இருப்பதில்லை. இன்றைக்கு வேண்டியதை இன்றைய கூலியிலிருந்து வாங்குவார். இந்த எளிய உண்மையைப் பெரிய நிறுவனங்கள் காணவில்லை. அவர் குடும்பத்தார் ஷாம்பூவையும் பாக்கெட்டில் அடைத்தனர். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் ‘சிக்’ ஷாம்பூவைத் தொடங்கினார். வெறும் பாக்கெட்டுகள் ஐந்து கொடுத்தால் புதியது ஒன்று இலவசம் என்னும் முறையைக் கையாண்டார். பிறகு உலகப் பெரு நிறுவனங்களும் அவ்வழியே பாக்கெட்டிற்கு இறங்கி வந்தன.

நன்மையை மட்டும் கூறி நிறுத்துதல் முறையன்று. அந்தப் பாக்கெட் பல அடுக்குகளாக ஒட்டிய பிளாஸ்டிக். அதனைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துதல் அரிது. ஒன்று கையளவும் இல்லை. கோடிக்கணக்கில் சேர்ந்தபோது சாக்கடையை அடைத்தது, குளக்கரையை மூடிற்று. சிறியது சேர்ந்து செல்வமும் ஆகும், குப்பையும் ஆகும். எது ஆகுமென்று வாங்கும் வேளையில் எவரும் எண்ணுவதில்லை.

வாக்குச்சாவடி வரிசை

இனி அரசியலுக்கு வருவோம். பாரத நாட்டின் முதற்பொதுத்தேர்தல் 1951-52-இல் நடைபெற்றது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் வாக்காளர் பட்டியலைத் தயாரித்தபோது ஒரு விந்தையான இடையூறு நேர்ந்தது. வடமாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே சொன்னார்கள். அயலான் முன் பெயர் சொல்லலாகாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பெயரில்லாதவருக்கு வாக்கில்லை என்று ஆணையர் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. ஒரு சிறு வீட்டு வழக்கம், ஒரு குடியரசின் தொடக்கத்தில் இத்தனை குரல்களை அடக்கிற்று.

1962 மக்களவைத் தேர்தலில் ஆண்களில் நூற்றுக்கு 63 பேர் வாக்களித்தனர். பெண்களில் 47 பேருக்கும் குறைவு. இடைவெளி ஏறத்தாழ 17. அதன்பின் அந்த இடைவெளி மெல்ல மெல்லக் குறைந்தது. 2019-இல் பெண்கள் 67.18 விழுக்காடு, ஆண்கள் 67.01 விழுக்காடு. 2024-லும் பெண்களே சற்று முந்தி நின்றனர். இதற்காக எவரும் மாநாடு கூட்டவில்லை. பெண் குழந்தை பள்ளிக்குச் சென்றாள், கையெழுத்திட்டாள். தருமபுரி மாவட்டத்தில் 1989-இல் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் தோன்றின. கேரளத்தில் 1998-இல் குடும்பஸ்ரீ தோன்றியது. வாரந்தோறும் சில ரூபாய் சேமிக்க வட்டமாக அமர்ந்தவர்கள், பணத்தோடு ஊர்ப் பொதுக் காரியங்களையும் பேசக் கற்றனர். வாக்குச்சாவடிக்கு அண்டை வீட்டுப் பெண்களோடு சேர்ந்து சென்றனர்.

பீகாரைப் பாருங்கள். 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு மிதிவண்டி வாங்க அம்மாநில அரசு பணம் வழங்கிற்று. ஊருக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவு சுருங்கியது. சீருடையணிந்த பெண்கள் கூட்டமாக மிதிவண்டியில் செல்வது அன்றாடக் காட்சியாயிற்று. 2010 சட்டமன்றத் தேர்தலில் அங்கே பெண்களின் வாக்குப்பதிவு ஆண்களைக் கடந்தது; 2015-இல் இடைவெளி இன்னும் விரிந்தது. 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்ததற்குப் பெண்கள் எழுப்பிய கோரிக்கையே காரணமாகக் கூறப்பட்டது. அதன் விளைவுகள் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் பெண்களின் கோரிக்கையை எந்தக் கட்சியும் இனித் தள்ளிவிட முடியாது என்பதில் ஐயமில்லை. 2019-இல் டில்லியிலும், 2021-இல் தமிழகத்திலும், 2023-இல் கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தொடங்கப்பட்டது தற்செயலன்று. வாக்குச்சாவடியில் நீண்ட வரிசையே பேருந்தில் பயணச்சீட்டாக வெளிப்பட்டது எனலாம்.

சிறு குடும்பம்

நான்காவதாக, ஒவ்வொரு வீட்டிலும் கணவனும் மனைவியும் தமக்குள் எடுத்த ஒரு முடிவைப் பற்றிக் கூற வேண்டும். நம் பாட்டியர் காலத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள். தாயார் காலத்தில் மூன்று நான்கு. இப்போது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி தமிழகத்தில் 1.8, பீகாரில் 3.0, நாடு முழுமைக்கும் 2.0. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும்.

இது வீட்டுக்குள் அடங்கிய செய்தியா? அன்று. மக்கள்தொகைக்கேற்ப மக்களவை இடங்களைப் பகிர்ந்தளிப்பது நம் அரசியலமைப்பின் முறை. 1962-இல் 41 இடங்கள் பெற்றிருந்த தமிழகம், 1967 முதல் 39 இடங்கள் பெற்றது. குடும்பநலத் திட்டத்தைச் செம்மையாக நடத்திய மாநிலங்கள் அதனாலேயே இடம் இழக்கக் கூடாது என்பதற்காக, 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் 1971 கணக்கெடுப்பின்படியே இடங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2001-ஆம் ஆண்டின் 84-ஆம் திருத்தம் அந்நிலையை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. தொட்டில்களின் எண்ணிக்கை நாடாளுமன்றத்தின் நாற்காலிகளைத் தொடுகிறது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு குடிமகனின் வாக்கிற்கும் ஒரே மதிப்பு என்பது ஒரு நியாயம். பொறுப்புடன் நடந்தவர் தண்டிக்கப்படலாகாது என்பது மற்றொரு நியாயம்.

பிள்ளைகள் குறைந்ததன் மற்றொரு விளைவையும் காண்போம். திருப்பூரின் பனியன் ஆலைகளுக்கும் சென்னையின் கட்டடப் பணிகளுக்கும் உள்ளூர்க் கைகள் போதவில்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். ஒருவன் வருகிறான், தம்பிக்குத் தொலைபேசியில் சொல்கிறான், தம்பி தன் நண்பனுக்குச் சொல்கிறான். நமக்குப் பழகிய கதையன்றோ இது! அவனுக்குச் சப்பாத்தி வேண்டும்; அதற்கொரு கடை தோன்றுகிறது. அந்தக் கடையின் பெயர்ப்பலகையைச் சிலர் முகஞ்சுளித்துப் பார்க்கின்றனர். 2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அவை பொய்யென்று காவல் துறை விளக்குவதற்குள் தொழிலாளர்கள் பலர் அஞ்சி இரயிலேறினர், தொழிற்கூடங்கள் கவலையுற்றன. அவ்வேளையில் வடக்கே வாழும் நம்மையும் அச்சம் தீண்டிற்று. அங்கே எழும் தீ இங்கே நம் வாசலுக்கு வரக் கூடும் என்பதை நாம் அறிவோம்.

ஆகவே, மாதுங்காவின் அனுபவத்தை உடைய நமக்கு ஒரு தனிக் கடமை உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, திண்ணையில் உறவினர் வடநாட்டுத் தொழிலாளரை இழித்துப் பேசினால், நாம் வாய்மூடி இருத்தல் தகாது. நம் தந்தையாரும் பாட்டனாரும் ஒரு காலத்தில் இன்னொரு நகரத்தில் இதே போன்ற தொழிலாளராகவே இருந்தார்கள் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் உரிமை நம்மைவிட வேறு எவருக்கு உண்டு?

நம் வீட்டு வழக்கம்

இறுதியாக நம் காலனிக்கு வருவோம். இங்கேயும் ஒரு சிறு வழக்கம் வளர்ந்து வருகிறது. தாய் தமிழில் கேட்கிறாள். பிள்ளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ விடை கூறுகிறது. புரிந்துகொள்கிறதே, போதாதா என்று நாம் அமைதியடைகிறோம். முதல் தலைமுறை பேசும், எழுதும். இரண்டாம் தலைமுறை பேசும், எழுதாது. மூன்றாம் தலைமுறை கேட்கும், பேசாது. நான்காம் தலைமுறைக்குத் தமிழ் என்பது சமையற் பெயர்களில் மட்டும் எஞ்சும். இட்டலிக்கும் சாம்பாருக்கும் ஆபத்தில்லை. அவற்றை இந்நாடு முழுவதும் தனதாக்கிக் கொண்டது. ஆபத்து பாட்டியின் கடிதத்திற்கு. பேரன் படிக்க முடியாத அந்தக் கடிதத்திற்கு.

இதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. முன்னே கூறிய மூன்று இயல்புகளை எண்ணிப் பார்ப்போம். தேவை வேண்டும்: ஊரிலுள்ள தாத்தாவுடன் வாரம் ஒரு முறை பேசும் பொறுப்பைப் பிள்ளையிடமே ஒப்படைத்தால் தேவை தானே பிறக்கும். எளிமை வேண்டும்: இரவு உணவின்போது அரை மணி நேரம் தமிழ் மட்டுமே என்பது எந்த வீட்டிற்கும் பாரமன்று. சார்ந்து நிற்போர் வேண்டும்: ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சிறியோருக்குப் பெரிய பிள்ளைகள் எழுத்துச் சொல்லிக் கொடுக்கட்டும், கற்பிப்பவர் மறப்பதில்லை.

இன்னொன்றும் கூற விரும்புகின்றோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி பற்றிய வினா கேட்கப்படுவது வழக்கம். வேலையின் அவசரத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடாமல், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தமிழ் என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்று, 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு கூறுகிறது. வசதி கேட்கச் செல்பவரிடம், எத்தனை பேர் என்பதே முதற்கேள்வியாக இருக்கும். பெயர் சொல்லாததால் 28 லட்சம் பெண்கள் வாக்கிழந்த செய்தியை இப்போதுதான் கேட்டோம். மொழியின் பெயரைச் சொல்லாத நாமும் அத்தகைய இழப்பிற்கே ஆளாவோம்.

அன்பர்களே! காலத்தின் போக்கை மாற்றப் பெரிய மனிதர்கள் வரவேண்டும் என்று நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. மாடி அறையில் தட்டெழுத்துக் கற்றவன் பெரிய மனிதன் அல்லன். ஞாயிறுதோறும் குழுவில் அமர்ந்து சில ரூபாய் சேமித்த பெண்மணியும் செல்வச் சீமாட்டி அல்லள். அவர்கள் செய்ததைத் தொடர்ந்து செய்தார்கள். அக்கம்பக்கத்தார் பார்க்கச் செய்தார்கள். நம் காலனியில் முதலில் நான்கு வீடுகள் தொடங்கட்டும். அடுத்த ஆண்டு விழாவிற்குள் நாற்பது ஆகட்டும்.

காத்திருக்கும் பிள்ளைகளுக்கு மேடையை விட்டு அமைகின்றோம்.